தாதாபாய்: கூலியாளின் படியைக் கணக்கிட்ட பாட்டனார்

குஜராத்தி மொழியிலே 'தாதா' என்பது தந்தையைப் பெற்ற பாட்டனாரைக் குறிக்கும் சொல். 'பாய்' என்பது உடன்பிறந்தான் என்னும் பொருளது. 1825-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் ஓர் ஏழைப் பார்சிக் குருக்களின் இல்லத்தில் பிறந்த ஆண்குழந்தைக்கு இவ்விரு சொற்களும் சேர்ந்த பெயரை இட்டவர்கள், பின்னாளில் ஒரு தேசமே அவனைப் பாட்டனாரென்று கொண்டாடப் போகிறதென எண்ணியிருக்க மாட்டார்கள். தாதாபாய் நௌரோஜி என்னும் அப்பெரியார், 'இந்தியாவின் முதுபெருங்கிழவர்' என்று உலகோரால் அழைக்கப்பட்டார். அவரைப்பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பலரும் அவர் காங்கிரசுக்குத் தலைமை வகித்ததையும், ஆங்கிலப் பார்லிமெண்டில் அமர்ந்ததையும் எழுதி, அத்துடன் எழுதுகோலை வைத்துவிடுகின்றனர். மகனை இழந்த முதுமையிலே எட்டுப் பேரக் குழந்தைகளின் பாரத்தைத் தோளில் ஏற்றவர் அவர் என்பதும், கடல்கடந்து போன கூலியாட்களின் அரிசியையும் பருப்பையும் அவுன்சுக் கணக்கில் எழுதி ஆட்சியாளர் முன் வைத்தவர் அவர் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நமக்கு இவ்விரண்டுமே நெருங்கிய செய்திகளாம்.

தாதாபாய்க்கு நான்கு வயதாகும்போதே தந்தையார் இறந்துபோனார். அன்னையார் மாணிக்பாய் எழுத்தறியாதவர். அக்காலத்தில் எந்தச் சாதியில்தான் பெண்கள் எழுத்தறிந்திருந்தார்கள்! கைம்பெண்ணாய் நின்ற அவ்வம்மையார் தம் ஒரே மகனைப் பள்ளிக்கு அனுப்பினார். தாம் என்ன ஆனாரோ அவ்வாறு தம்மை ஆக்கியவர் அன்னையாரே என்று முதுமையிலும் தாதாபாய் சொல்லிவந்தார். ஆனால் அன்னையின் மனவுறுதி மட்டும் அவரைப் படிக்கவைத்திராது. பம்பாயில் அப்போது நடந்த சுதேசக் கல்விச் சங்கத்தின் பள்ளியில் சம்பளம் கிடையாது. சம்பளம் கேட்கும் பள்ளியாக இருந்திருந்தால் அவர் படிப்பு அன்றே நின்றிருக்கும். இதை அவர் வாழ்நாள் முழுவதும் மறந்தாரில்லை. தம்முடைய கல்விக்குச் செலவானது பொதுப்பணம். பொதுப்பணமாவது ஏழைகள் கொடுத்த பணம். ஆகவே தாம் அவ்வேழைகளுக்குக் கடன்பட்டவர் என்று அவர் இளமையிலேயே கணக்கெழுதிக்கொண்டார். தாமே தம்மீது எழுதிக்கொண்ட இந்தப் பற்றுச்சீட்டை நெஞ்சில் நிறுத்தினால்தான் அவருடைய மற்றச் செய்கைகள் நமக்கு விளங்கும்.

அக்கால வழக்கப்படி 11 வயதில் அவருக்கு மணம் முடித்தார்கள். மணப்பெண் குல்பாய்க்கு வயது 7. இதனை இன்று படிக்கும்போது உடல் கூசுகிறது. அந்த வழக்கத்துக்கு ஆளான சிறுவனே வளர்ந்து அதன் வேரைத் தேடிப்போனான் என்பதுதான் இதிலே நாம் கவனிக்கத்தக்கது.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் காட்டிய திறமையைக் கண்டு, பம்பாய்த் தலைமை நீதிபதியாயிருந்த சர் எர்ஸ்கின் பெரி, அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சட்டம் படிக்கவைக்க விரும்பினார். பாதிச் செலவைத் தாம் கொடுப்பதாகவும், மறுபாதியைப் பார்சிப் பெரியவர்கள் கொடுக்கவேண்டுமென்றும் சொன்னார். அங்கே போனால் பையன் மதம் மாறிவிடுவான் என்று பெரியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பாரிஸ்டராக வேண்டியவர் அதனால் ஆசிரியரானார். 1850-களின் நடுவில் அதே கல்லூரியில் கணிதத்துக்கும் இயற்கை விஞ்ஞானத்துக்கும் பேராசிரியராக அமர்ந்தார். அக்கல்லூரியில் அப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஒரு சமூகத்தின் அச்சம் ஓர் இளைஞனின் வழியை அடைத்ததற்கு இஃது ஒரு சான்று. அது நன்மையாகவே முடிந்தது என்று சொல்வாரும் உளர். நன்மையாக முடிந்தது அச்சத்தின் பெருமையன்று, அவ்விளைஞரின் பெருமை.

கல்லூரி நாட்களிலேயே அவரும் தோழர்களும் மாணவர் இலக்கிய விஞ்ஞானச் சங்கம் ஒன்றை நடத்தினர். 1849-இல் அச்சங்கத்தார் பம்பாயிலே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார்கள். படிப்பித்தவர்கள் அந்த இளைஞர்களே. ஊதியம் ஒன்றும் பெறவில்லை. தாதாபாய் வீடுவீடாகச் சென்று, "உங்கள் திண்ணையிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம், பெண்குழந்தைகளை அனுப்புங்கள்" என்று மன்றாடினார். சில வீட்டாரோ அவரைப் படியிலிருந்து உருட்டிவிடுவதாக மிரட்டினார்கள். பெண் படித்தால் அடங்கமாட்டாள், கணவன் வீட்டுக்கு உதவமாட்டாள் என்பதே அவர்கள் சொன்ன நியாயம். தோட்டத்து லயங்களில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் போன வாத்தியார்களும் இதே நியாயத்தைக் கேட்டவர்கள்தாம். ஊர் வேறு, மொழி வேறு, நியாயம் மட்டும் ஒன்றே. 1851-இல் அவர் 'ராஸ்த் கோப்தார்' என்ற குஜராத்திப் பத்திரிகையைத் தொடங்கினார். 'மெய்யுரைப்போன்' என்பது அதன் பொருள்.

1855-இல் காமா கம்பெனியின் கூட்டாளியாக அவர் இலண்டனுக்குப் போனார். இந்தியர் அங்கே திறந்த முதல் வாணிகக் கம்பெனி அதுவே. சில ஆண்டுகளில் அதைவிட்டு விலகிவிட்டார். அபினியிலும் மதுவிலும் வந்த இலாபத்தில் பங்குகொள்ள அவர் மனம் இடந்தரவில்லை என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். பிறகு 1859-இல் தம் பெயரிலேயே பருத்தி வாணிகம் தொடங்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் வானுயர எழும்பிய பருத்தி விலை, போர் ஓய்ந்ததும் தரையில் விழுந்தது. அவருடைய கம்பெனியும் நொடித்தது. வாணிகத்தில் அவர் பெரிய வெற்றியாளரல்லர். ஆனால் கணக்குப் பார்க்கும் கலையை அவர் அங்கே நன்றாகக் கற்றார். அக்கலையைத் தேசத்துக்குப் பயன்படுத்தியதே அவருடைய தனிச்சிறப்பு.

இந்தியா ஏழை நாடு என்று பலரும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு ஏழை என்று கணக்கிட்டவர் யாருமில்லை. தாதாபாய் சர்க்காரின் புத்தகங்களையே எடுத்துவைத்துக்கொண்டு, மாகாணம் மாகாணமாக விளைநிலம் எவ்வளவு, ஏக்கருக்கு விளைவு எவ்வளவு, அதன் விலை எவ்வளவு என்று கூட்டினார். உப்பு, சுரங்கம், கைத்தொழில் ஆகியவற்றின் வருமானத்தையும் சேர்த்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்தபோது ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான் வந்தது. 1867-70 ஆண்டுகளின் கணக்கு அது. 1876-இல் பம்பாயில் அவர் படித்த 'இந்தியாவின் வறுமை' என்னும் கட்டுரையில் இக்கணக்கு விரிவாக இருக்கிறது.

இருபது ரூபாயென்றால் அது போதுமா, போதாதா? இதற்கும் அளவுகோல் வேண்டுமே! இங்கேதான் அவர் கடலோரம் வந்துநின்றார். கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட கூலியாட்களுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு உணவு கொடுக்கவேண்டுமென்று சர்க்காரின் மருத்துவ அதிகாரி ஒருவர் 1870-இல் ஓர் அட்டவணை எழுதியிருந்தார். அரிசி 20 அவுன்சு, பருப்பு 6 அவுன்சு. அவற்றோடு சிறிது ஆட்டிறைச்சி, காய்கறி, நெய், கடுகெண்ணெய், உப்பு. வேலை ஒன்றும் செய்யாமல் கப்பலில் சும்மா இருக்கும் ஆளுக்கு, உயிரும் உடலும் பிரியாமல் இருக்க வேண்டிய அளவு இது என்பதே அந்த அதிகாரியின் கருத்து. தாதாபாய் இந்தப் படியை எடுத்து, ஊர் விலையில் கணக்குப் போட்டார். உடுக்கத் துணியையும் கூட்டினார். ஆண்டுக்கு ஏறக்குறைய 34 ரூபாய் ஆயிற்று. பிறகு சிறைச்சாலைக் கணக்கை எடுத்தார். கைதிகளின் உணவுக்கும் உடைக்கும் சர்க்கார் செலவிட்ட தொகையோ, பல மாகாணங்களில் 30 ரூபாய்க்கு மேற்பட்டிருந்தது.

இதன் பொருளைச் சற்று நின்று எண்ணிப்பாருங்கள். கள்வனுக்குச் சிறையில் கிடைப்பதும், கூலியாளுக்குக் கப்பலில் கிடைப்பதும், ஊரில் நேர்மையாக ஏர்பிடித்தவனுக்குக் கிடைக்கவில்லை. அதுவும் 20 ரூபாய் என்பது சராசரி. செல்வரும் அதிகாரிகளும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு ஏழையின் இலைக்கு வந்தது அதனினும் குறைவு. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர் கல்கத்தா அட்டவணையில் அடங்கியவரல்லர். ஆயினும் அவர்கள் ஏன் கப்பலேறினார்கள் என்னும் கேள்விக்கு இக்கணக்கைவிடத் தெளிவான விடை வேறில்லை. கங்காணியின் ஆசைவார்த்தையில் மயங்கிப் போனார்கள் என்று நம்மவரே ஏளனமாகச் சொல்வதுண்டு. கப்பற்படியே ஊர்ச்சோற்றைவிட மேலாக இருந்த நாட்டில், ஆசைவார்த்தைக்கு அதிக வேலை இல்லை.

வறுமைக்குக் காரணம் என்ன? விதி என்றார் சிலர். சோம்பல் என்றார் சிலர். மக்கட்பெருக்கம் என்றார் ஆட்சியாளர். தாதாபாய் அவற்றை ஏற்கவில்லை. ஆங்கில அதிகாரிகளின் சம்பளமும், ஓய்வூதியமும், இலண்டன் அலுவலகச் செலவும், இந்திய எல்லைக்கு அப்பால் நடத்திய போர்களின் செலவும் ஆண்டுதோறும் இந்திய வருமானத்திலிருந்து கடல்கடந்து போயின. போனதற்கு ஈடாக ஒன்றும் திரும்பி வரவில்லை. மழைநீர் ஆவியாய்ப் போனால் மழையாகவாவது திரும்பும். இந்தப் பணம் திரும்பாத நீர். இதனைச் 'செல்வ வடிகால்' என்று வழங்குவர். இந்தியா ஆபீசைச் சேர்ந்த டான்வர்ஸ் என்ற அதிகாரி 1880-இல் இக்கணக்கைக் குறைகூறி, இரயிலாலும் வாணிகத்தாலும் வரும் வருமானத்தைச் சேர்க்கவில்லையே என்றார். பஞ்சாபில் விளைந்த கோதுமையை இரயிலில் ஏற்றிப் பம்பாயில் இறக்கினால் அதன் விலை ஏறலாம். ஒரு மணியாவது கூடுமா என்று தாதாபாய் திருப்பிக் கேட்டார். பொருளியலார் இக்கணக்கின் நுணுக்கங்களை இன்றும் ஆராய்கின்றனர். இரயிலைப்பற்றி அவர் சொன்னதை எல்லாரும் ஒப்புவதில்லை. ஆனால் வறுமையை எண்ணால் அளந்து, ஆளுவோரின் ஏட்டைக்கொண்டே அவர்களைக் கேள்வி கேட்கலாம் என்று முதலில் காட்டியவர் அவர் என்பதில் ஐயமில்லை.

இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் பம்பாயன்று, இலண்டன் பார்லிமெண்டே என்று அவர் துணிந்தார். 1886-இல் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். 1888-இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு, ஆங்கிலத் தொகுதியார் ஒரு 'கறுப்பு மனிதனை'த் தேர்ந்தெடுக்கமாட்டார்கள் என்று மேடையில் பேசினார். அச்சொல்லால் அதுவரை தாதாபாயை அறியாத ஆங்கிலேயரும் அவரை அறிந்துகொண்டார்கள்! 1892-இல் மத்திய பின்ஸ்பரி என்னும் தொழிலாளர் மிகுந்த தொகுதியில் அவருக்கு 2,961 வாக்குகளும் எதிரிக்கு 2,956 வாக்குகளும் கிடைத்தன. ஐந்தே வாக்குகள்! பார்லிமெண்டில் அவர் பைபிளைத் தொட்டுச் சத்தியஞ் செய்யாமல், தம் சமய நூலாகிய அவெஸ்தாவைக்கொண்டே உறுதிமொழி எடுத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், சிவில் சர்வீஸ் பரீட்சையை இங்கிலாந்தைப்போல் இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டுமென்ற தீர்மானம் 84-க்கு 76 என்ற வாக்குகளால் நிறைவேறியது. சர்க்கார் அதைச் செயலில் கொண்டுவரவில்லை. 1895 தேர்தலில் அவர் இடமும் போயிற்று. அவ்வாண்டே அமைந்த இந்தியச் செலவினம் பற்றிய ராயல் கமிஷனில் அவர் உறுப்பினரானார். அந்தக் கமிஷன் முன் சாட்சி சொல்ல இந்தியாவிலிருந்து 1897-இல் போனவர்களுள் ஒருவர், நம் 'சுதேசமித்திரன்' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

இவ்வளவு பொதுப்பணியின் நடுவே குடும்பம் என்னவாயிற்று? இதை மழுப்பிவிட்டுப் புகழ்பாடுவது நேர்மையாகாது. 1855 முதல் 1907 வரை அவருடைய நாட்களில் பெரும்பகுதி இலண்டனிலேயே கழிந்தது. குல்பாய் அம்மையார் நெடுங்காலம் கணவரைப் பிரிந்து பம்பாயிலே வாழ்ந்தார். தேசத்துக்கு அவர் கொடுத்ததில் ஒரு பங்கு அவ்வம்மையாரின் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. பொதுவாழ்வினரின் மனைவியர் பெயரை வரலாறு எழுதுவதில்லை என்பது உண்மை. எழுதாததனால் அவர்கள் செலுத்திய விலை குறைந்துவிடாது.

1893-இல் இடி விழுந்தது. அவருடைய ஒரே மகன் அர்தேஷிர் கச்சு நாட்டிலே மருத்துவராயிருந்தவர். முப்பத்துநான்கு வயது நிரம்புமுன்னே திடீரென்று மாண்டார். தந்தையார் அப்போது இலண்டனில் பார்லிமெண்டு உறுப்பினர். விதவை மருமகளும் எட்டுப் பேரக் குழந்தைகளும் அவர் பொறுப்பாயினர். அவ்வாண்டு டிசம்பரில் லாகூர்க் காங்கிரசுக்குத் தலைமை வகிக்க அவர் இந்தியா வந்தார். பம்பாயிலும், வழியிலிருந்த ஊர்களிலும் மக்கள் வெள்ளம் திரண்டு மாலையிட்டது. மகனை இழந்து இரண்டு திங்கள் ஆகாத 68 வயதுத் தந்தை அம்மாலைகளை ஏற்றுக்கொண்டு நின்றார். அந்த நாட்களைத் தாதாபாயின் வெற்றி ஊர்வலமென்று எழுதுகிறார்கள். அதை அவ்வாறு படிக்க நம் மனம் வரவில்லை.

பேரக் குழந்தைகளுள் பெண்கள் பலர். 1849-இல் பிறர் வீட்டுத் திண்ணையில் நின்று எதைக் கேட்டாரோ, அதைத் தம் வீட்டில் அவர் செய்துகாட்டினார். பேத்தி கோஷி ஆக்ஸ்போர்டில் பயின்றார். பெரின் பாரிசில் பயின்றார். தகப்பனில்லாப் பெண்களை விரைவில் ஒருவன் கையில் பிடித்துக்கொடுத்துவிட்டால் பாரம் குறையும் என்று நினைக்கும் பாட்டனார்களை நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம். அவர் அவ்வழியில் செல்லவில்லை.

கடல்கடந்த இந்தியர் குறையும் அவர் மேசைக்கு வந்தது. 1894-இல் நேட்டால் சர்க்கார் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, அங்கேயிருந்த காந்தி என்னும் 24 வயது பாரிஸ்டர், தம் இளமையையும் அனுபவக் குறைவையும் சொல்லி, வழிகாட்டுமாறு தாதாபாய்க்குக் கடிதம் எழுதினார். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனவர்களில் பெருந்தொகையினர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கரும். முகமறியாத இளைஞனின் கடிதத்தைப் பெரியவர் புறக்கணிக்கவில்லை. தொடர்ந்து பல ஆண்டுகள் அக்குறைகளை மந்திரிகளுக்கு எடுத்துச் சொல்லிவந்தார்.

1901-இல் தம் கணக்குகளையெல்லாம் திரட்டி 'இந்தியாவின் வறுமையும் பிரிட்டிஷ் தன்மையற்ற ஆட்சியும்' என்னும் பெருநூலாக வெளியிட்டார். அதுகாறும் ஆங்கிலேயரின் நீதியில் நம்பிக்கை வைத்து, விண்ணப்பத்தின்மேல் விண்ணப்பம் எழுதிவந்தவர் அவர். தீவிரவாதிகள் அவரை மிதவாதியென்று இகழ்ந்ததும் உண்டு. ஆனால் 1906-இல், 81-ஆம் வயதில், கல்கத்தாக் காங்கிரசின் தலைமைப் பீடத்திலிருந்து 'சுயராஜ்யம்' என்ற சொல்லை அவரே வெளியிட்டார். குரல் தளர்ந்திருந்தமையால் உரையைப் பிறர் படிக்க நேர்ந்தது. அந்தக் காங்கிரசுக்குச் சென்னையிலிருந்து போனவர்களுள் சுப்பிரமணிய பாரதியாரும் ஒருவர். அவர் தாதாபாயைப் போற்றித் தமிழிலே பாடியும் இருக்கிறார்.

அடுத்த ஆண்டு அவர் இலண்டனை விட்டுத் தாய்நாடு திரும்பி, பம்பாய்க்கு அருகே வெர்சோவாக் கடற்கரையில் தங்கினார். பேரக் குழந்தைகள் சூழ இருந்த அந்தப் பத்தாண்டுகளே அவர் இல்லத்தில் நிலைத்திருந்த காலம். பெண்பள்ளிகளுக்காகத் தெருவில் அலைந்த கால்கள் கடற்கரை மணலில் ஓய்ந்தன. 1917 மார்ச்சில் ஒப்பந்தக் கூலிகளைக் கடல்கடந்து அனுப்பும் முறை இந்தியாவில் நிறுத்தப்பட்டது. ஜூன் 30-ஆம் நாள் அவர் காலமானார். வயது 91.

அவர் பெயரைச் சொல்லப் பேத்திமார் இருந்தனர். பெரின், பாரிசில் பயின்ற நாளில் காமா அம்மையாரின் புரட்சிக் கூட்டத்தோடு பழகியவர். பாட்டனாரின் விண்ணப்ப வழி அவருக்குப் பொறுக்கவில்லை. பின்னர்க் காந்தியடிகளைச் சார்ந்தார். 1921-இல் ராஷ்டிரீய ஸ்திரீ சபையை அமைத்தவர்களுள் ஒருவரானார். கதர் விற்றார், 1930-இல் உப்புப் போரில் சிறை புகுந்தார். 1954-இல் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருதை முதன்முதல் வழங்கியபோது, பெற்றவர்களுள் அவரும் இருந்தார். தகப்பனார் இறந்ததற்கு மறுவாண்டு 1894-இல் பிறந்த கடைசிப் பேத்தி குர்ஷேத், ஐரோப்பாவில் இசை பயின்று பாடகியாகப் பெயர் பெற்றவர். அந்த மேடையை விட்டுவிட்டுக் கதருடுத்தினார். அவர் வடமேற்கு எல்லைப்புறத்துப் பட்டாணியரின் ஊர்களுக்குத் தனியே போய், ஆட்களைத் தூக்கிச் செல்லும் கொள்ளைக் கூட்டத்தாரிடம் அத்தொழிலை விடுங்கள் என்று பேசினார். இனி அவ்வெல்லைக்குள் வரலாகாதென்று சர்க்கார் தடுத்தது. தடையை மீறிப் போனார். 1940 டிசம்பரில் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள்.